செருப்புப் போட்டு வளர்ந்த காலுக்கு ஸ்கீ பூட்ஸ் வாங்குவது எப்படி

மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் எத்தனை செருப்புக் கடை ஏறி இறங்கினாலும் பனிச்சறுக்குக்குப் போடுகிற ஸ்கீ பூட்ஸ் கிடைக்காது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் மாவட்டத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி, ஆஸ்திரியா என்று போயிருக்கிற பிள்ளைகள் குளிர்காலம் வந்தால் மலைக்குப் போகிறார்கள், துபாயில் இருப்பவர்கள் லீவு நாளில் குடும்பத்தோடு ஸ்கீ துபாய் என்கிற உள்ளரங்கப் பனிச்சறுக்குக் கூடத்துக்குப் போகிறார்கள், இங்கே கல்லூரி முடித்த பையன்கள் காசு சேர்த்து காஷ்மீரில் குல்மார்குக்கும் உத்தராகண்டில் ஆலிக்கும் ரயிலேறுகிறார்கள். திரும்பி வந்ததும் நான் பேசிப் பார்த்த முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: பனி அருமை, கால்தான் செத்துப்போச்சு.

அந்த வலி தேவையே இல்லாத வலி. ஸ்கீ பூட்ஸ் என்றாலே வலிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இறுக்கமாக இருக்கும், அது வேறு. வலிப்பது வேறு.

நான் முதல்முறை குல்மார்க் போனது ஒரு பிப்ரவரியில். வாடகைக் கடையில் நம்பர் என்ன என்று கேட்டார்கள், இங்கே ஷூ வாங்கும்போது சொல்வதைப் போலவே 9 என்றேன், அவர்கள் அட்டவணையைப் பார்த்து 28 என்று எழுதிய ஒரு ஜோடியை எடுத்துத் தந்தார்கள், கால் சுகமாக உள்ளே போயிற்று, நடந்து பார்த்தேன், எங்கும் பிடிக்கவில்லை, நல்ல பூட்ஸ் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் இரண்டு பெருவிரல் நகமும் கருத்துவிட்டன. விரல் முன்னால் இடிக்கிறது, அப்படியானால் பூட்ஸ் சின்னது என்றுதானே யாருக்கும் தோன்றும்? மறுநாள் இன்னும் ஓர் அளவு கூட்டி வாங்கினேன். வலி இரட்டிப்பானது. கடைசியில் பயிற்சி கொடுத்தவர்தான் பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தை போன்ற உறையை, லைனர் என்பார்கள், அதை உருவி வெளியே எடுத்துவிட்டு வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் என் காலை வைக்கச் சொன்னார். விரல் முன்னால் தொட்டபடி நின்றேன். குதிகாலுக்குப் பின்னால் அவருடைய மூன்று விரல் தாராளமாகப் போய் வந்தது. என் பாதத்தின் நீளம் 26 சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் கால் அந்தக் காலி இடத்தில் முன்னால் வழுக்கிப் போய் ஓட்டில் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நகத்தைக் கருக்கியது பெரிய பூட்ஸ்.

அப்புறம் யோசித்துப் பார்த்தால், 26 சென்டிமீட்டர் காலுக்கு நான் எதற்கு 9-ஆம் நம்பர் போடுகிறேன்? அகலத்துக்காக. கடலோரத்திலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு ஓடி, பள்ளிக்கூடம் முடியும்வரை ஹவாய் செருப்பு போட்டு வளர்ந்த காலில் விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும், முன்பாதம் அகலமாக இருக்கும், குதிகாலோ ஒடுங்கியே இருக்கும். நம் ஊர்க் கடைகளில் ஷூவைப் பெரும்பாலும் ஒரே அகலத்தில்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் பக்கவாட்டில் பிடித்தால் நம்பரைக் கூட்டுவோம், முன்னால் ஒரு விரலளவு இடம் சும்மா கிடக்கும், நடக்கிறதுக்கு அது ஒரு குறையாகத் தெரியாது. இந்தப் பழக்கத்தை ஸ்கீ பூட்ஸுக்குக் கொண்டுபோனால்தான் வினை. எனக்குச் சொல்ல இருப்பது சுருக்கமாக இதுதான்: நீளத்தைக் கூட்டாதீர்கள், அகலத்தைத் தேடுங்கள். கீழே எழுதுவதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்றுதான்.

ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்றால், பனிச்சறுக்கில் திசை திருப்புவது காலால்தான். முழங்கால் சாய்கிறது, கணைக்கால் பூட்ஸின் கழுத்தை அழுத்துகிறது, பூட்ஸ், அதைக் கட்டையோடு பூட்டி வைக்கிற பைண்டிங் வழியாக, அடியில் இருக்கிற ஸ்கீ கட்டையின் விளிம்பைச் சாய்க்கிறது, கட்டை திரும்புகிறது. வள்ளத்தில் சுக்கான் ஆட்டம் கண்டால் பிடியை எவ்வளவு வளைத்தாலும் வள்ளம் தாமதமாகத்தான் கேட்கும், இல்லையா, குளச்சலிலோ முட்டத்திலோ கடலுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பூட்ஸுக்குள் கால் ஆடினாலும் அதே கதை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முதல் காசைப் பூட்ஸில் போடச் சொல்வார்கள். ஸ்கீ கட்டையை வாடகைக்கு எடுக்கலாம், கையுறையை நண்பனிடம் இரவல் வாங்கலாம், பூட்ஸ் மட்டும் உங்கள் காலுக்கென்று இருக்க வேண்டும்.

முதல் வேலையை ஊரில் வீட்டுத் தரையிலேயே முடித்துவிடலாம். சுவரை ஒட்டி ஒரு வெள்ளைத் தாளை விரித்து, மெல்லிய சாக்ஸ் போட்டுக்கொண்டு, குதிகால் சுவரில் படும்படி நில்லுங்கள். உட்கார்ந்து அளக்கக் கூடாது, இரண்டு காலிலும் சரிசமமாக எடை இருக்க வேண்டும், ஏனென்றால் எடை இறங்கும்போது பாதம் நீளும், அகலவும் செய்யும். வேறொருவர் குனிந்து, மிக நீண்ட விரலின் நுனியில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு போடட்டும், அப்படியே பெருவிரல் மூட்டிலும் சுண்டுவிரல் மூட்டிலும், முன்பாதம் எங்கே அதிகம் அகலமோ அங்கே இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி. நீளம் சென்டிமீட்டரில், அகலம் மில்லிமீட்டரில். இரண்டு காலையும் அளக்க வேண்டும், சரிசமமான கால் உள்ளவர்கள் குறைவு. நம் ஊர் வெயிலுக்கு மாலையில் கால் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும், அதனால் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள்.

இந்த நீளம்தான் உங்கள் ஸ்கீ பூட்ஸ் அளவு. மாண்டோபாயின்ட் என்று அந்த முறைக்குப் பெயர். கால் 26.5 சென்டிமீட்டர் என்றால் பூட்ஸும் 26.5 தான். இவ்வளவு எளிதான கணக்கை விட்டுவிட்டு 8, 9, 42, 43 என்று ஷூ நம்பரைப் பிடித்துக்கொண்டு தொங்குவதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. கடையில் நம்பர் கேட்டால் சென்டிமீட்டரைச் சொல்லுங்கள், அல்லது என் காலை அளந்து பாருங்கள் என்று கேளுங்கள். அளக்காமல் பூட்ஸ் எடுத்து நீட்டுகிற கடையில் பணம் கொடுக்காதீர்கள். இன்னொன்று, பெரும்பாலான கம்பெனிகளில் 26-க்கும் 26.5-க்கும் பிளாஸ்டிக் ஓடு ஒன்றேதான், உள்ளே இருக்கிற லைனரோ அடிமெத்தையோதான் மாறும், அதனால் அரை அளவுக்காக அடம்பிடிப்பதில் பெரிய பயன் கிடையாது. முழு அளவு மாறும்போது ஓடே மாறிவிடும். கவனம் வைக்க வேண்டியது அங்கேதான்.

சரி, கடைக்கு வந்துவிட்டோம். அளவு சொல்லி ஒரு ஜோடி கையில் வந்ததும் உடனே காலில் மாட்டாதீர்கள். லைனரை உருவி வெளியே எடுங்கள், கடைக்காரரே எடுத்துத் தருவார். வெறும் ஓட்டுக்குள் காலை வைத்து, விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொடும்வரை தள்ளிக்கொண்டு, முழங்காலை மடக்கி நில்லுங்கள். குதிகாலுக்கும் ஓட்டின் பின்சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம்? 2 சென்டிமீட்டர் அளவு இருந்தால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்குச் சரி. ஓரளவு பழகியவர் 1.5 சென்டிமீட்டர் பார்க்கலாம். நன்றாகச் சறுக்குகிறவர்கள் 1 சென்டிமீட்டர் போதும் என்பார்கள். இரண்டரை, மூன்று என்று வந்தால் அந்த பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி. லைனரோடு போட்டுப் பார்க்கும்போது புது மெத்தை உப்பலாக இருப்பதால் பெரிய பூட்ஸ்கூடப் பொருந்தின மாதிரி தெரியும், வெறும் ஓட்டில் நின்று பார்த்தால் அந்தக் குழப்பம் கிடையாது.

அகலத்துக்கு வருவோம், நமக்கு இதுதான் முக்கியம். செருப்பு தைக்கிறவர்கள் அச்சுக்கட்டை வைத்திருப்பார்களே, அதே பொருளில்தான் பூட்ஸ் கம்பெனிகள் லாஸ்ட் என்று ஒரு அளவைப் போடுகின்றன. பெரும்பாலும் 26.5 அளவுள்ள பூட்ஸில் முன்பாதத்தின் அகலம் அது. 97, 98 மில்லிமீட்டர் என்றால் ஒடுக்கம், 100 நடுத்தரம், 102-லிருந்து 104 வரை அகலம். பூட்ஸின் அளவு கூடக்கூட இந்த அகலமும் கூடும், குறையக் குறைய அதுவும் குறையும். தாளில் நீங்கள் அளந்த அகலத்தையும் இந்த எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம், அளக்கும் விதம் வேறு. உங்கள் காலை நாகர்கோவிலில் ஷூக்கடைக்காரர் பார்த்ததும் அகலக் கால் என்று சொல்கிற வகை என்றால் 102-லிருந்து தொடங்குங்கள், அது போதும். ஒரே மாடல் பெயரில் அகலம் குறைந்தது, கூடியது என இரண்டு விதமாகப் பல கம்பெனிகள் செய்கின்றன, சாலமன், நார்டிகா, டெக்னிகா, அட்டாமிக் எல்லாவற்றிலும் உண்டு. எந்த பிராண்ட் நல்லது என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன், உங்கள் காலுக்கு ஒட்டுகிற பிராண்ட்தான் நல்லது.

அகலத்தோடு உயரமும் இருக்கிறது. சிலருக்குப் புறங்கால், அதாவது செருப்பின் வார் உட்காருகிற இடம், மேடாக எழும்பி இருக்கும். நீளமும் அகலமும் சரியாக இருந்தும் பக்கிள், அதாவது பூட்ஸை இறுக்குகிற கொக்கி, போட்டதும் ஐந்து நிமிடத்தில் பாதம் மரத்துப்போகிறது என்றால் அநேகமாக இந்த மேடு நசுங்குகிறது, ரத்த ஓட்டம் அங்கேதான் தடைபடுகிறது. அப்படிப்பட்டவர்கள் உள்கொள்ளளவு அதிகமுள்ள மாடலைக் கேட்க வேண்டும். கெண்டைக்கால் பருத்தவர்களுக்கும் மேல் பக்கிள் எட்டாமல் போகும், அதற்கும் சரிசெய்ய வழி உண்டு, பக்கிளைக் கழற்றி வேறு துளையில் மாற்றித் தருவார்கள். பெண்களுக்கான பூட்ஸில் கழுத்து கொஞ்சம் தாழ்வாக இருப்பதும் கெண்டைத் தசை கீழே இறங்கி இருப்பதற்காகத்தான், நிறத்துக்காக மட்டும் அதைப் பெண்கள் பூட்ஸ் என்று சொல்வதில்லை.

ஒருகாலத்தில் இத்தனை பாடு இல்லை. 1960-கள் வரைக்கும் ஸ்கீ பூட்ஸ் தோலில்தான் செய்தார்கள், தோல் நாளாக நாளாகக் காலுக்கு வழிவிடும், புதுச் செருப்பு நாலு நாள் கடித்துவிட்டு அப்புறம் பழகிக்கொள்வது போல. அமெரிக்காவில் பாப் லாங்கே என்பவர் பிளாஸ்டிக் பூட்ஸைக் கொண்டுவந்த பிறகு கட்டுப்பாடு பலமடங்கு கூடியது, கூடவே ஓடு தானாக விரிந்து கொடுக்கும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது. லைனர் மட்டும்தான் அமுங்கும். முதல் சில நாளிலேயே அமுங்கி இடம் கொடுத்துவிடும், அதனால் கடையில் போட்டதும் வீட்டுச் செருப்பு மாதிரி சுகமாக இருக்கிற பூட்ஸ், பத்து நாள் சறுக்கிய பிறகு தொளதொளவென்று ஆகிவிடும். கடையில் அழுத்தமாகக் கைகுலுக்கினது மாதிரி பிடித்திருக்க வேண்டும், காலைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே பிடியாக, ஒரு புள்ளியில் மட்டும் குத்தாமல்.

இப்போது லைனரோடு மாட்டிப் பாருங்கள். சாக்ஸ் ஒன்றே ஒன்று, மெல்லியது, முழங்காலுக்குக் கீழ்வரை நீளமானது, கம்பளி கலந்த ஸ்கீ சாக்ஸ். பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே நிற்கும், ஈரம் குளிரும். குளிருமே என்று பயந்து இரண்டு ஜோடி போடுவதுதான் நம் ஆட்கள் செய்கிற அடுத்த பெரிய தப்பு. தடித்த சாக்ஸ் காலை நெருக்கும், நெருக்கினால் ரத்தம் விரலுக்குப் போகாது, ரத்தம் போகாத விரல்தான் விறைக்கும். தெர்மல் பேன்ட்டின் நுனியையும் பூட்ஸுக்குள் செருகக் கூடாது, அந்தத் துணி மடிப்பு கணைக்கால் எலும்பில் ஒரு மணி நேரத்தில் தழும்பு போட்டுவிடும். பூட்ஸுக்குள் காலும் சாக்ஸும் தவிர வேறெதுவும் போகாது.

காலை உள்ளே விட்டதும் குதிகாலைத் தரையில் நாலு தட்டு தட்டுங்கள். மேலே உள்ள இரண்டு பக்கிளையும் லேசாக மாட்டிக்கொண்டு முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் குதிகால் தானாகப் பின்னால் போய் உட்காரும். அப்புறம் புறங்கால் பக்கிள். விரலுக்கு மேலே இருப்பது பெயருக்கு மாட்டினால் போதும். கடைசியாக மேல் பக்கிள்களையும் அதற்கும் மேலே இருக்கிற பட்டையையும் இறுக்குங்கள். பக்கிளைத் திருகினால் அதன் நீளம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும், பலருக்கு இது தெரியாமலே ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் அவதிப்படுகிறார்கள். சமீபகாலமாகப் பக்கிளுக்குப் பதில் கம்பியும் திருகு வளையமும் வைத்த போவா மாடல்களும் வந்திருக்கின்றன, புறங்காலைச் சுற்றி ஒரே சீராக இறுக்கும், ஆனால் பிளாஸ்டிக் ஓடே தப்பான அளவு என்றால் அது சரியாக்காது.

விரல் எங்கே இருக்கிறது? நிமிர்ந்து நிற்கும்போது முன்பக்கம் தொட வேண்டும், தொட்டே ஆக வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்ததும் விரல் பின்வாங்கித் தொடுதல் குறைய வேண்டும். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள் கடையில் நின்றபடி வீடியோ கால் போட்டாள். “அண்ணே, வெரலு முட்டுது, ரெண்டு நம்பர் கூட்டிக் கேக்கட்டா?” “வேண்டாம் மக்களே, நிமிந்து நிக்காத, முட்டு மடக்கி முன்னால சாஞ்சு நில்லு.” சாய்ந்தாள். “இப்ப முட்டல.” அதே பூட்ஸைத்தான் வாங்கினாள், இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது, ஒரு நகமும் கருக்கவில்லை. நாம் நேராக நின்று ஷூ பார்க்கிற பழக்கத்தில் இருக்கிறோம், ஸ்கீ பூட்ஸ் மடங்கி நிற்கிற காலுக்காகச் செய்தது.

குதிகாலையும் சோதியுங்கள். சாய்ந்து நின்றபடி குதிகாலை மேலே தூக்க முயன்றால் எழும்பக் கூடாது, எழும்பினாலும் நூலளவுதான். விசிறிக் காலுக்கும் ஒடுங்கிய குதிகாலுக்கும் ஒரே பூட்ஸில் இடம் தேடுகிற நமக்கு இந்தச் சோதனையில்தான் பல மாடல் கழியும். முன்பாதம் சுகமாக இருக்கிறதே என்று குதிகாலை விட்டுக்கொடுக்காதீர்கள், முன்பாதத்தை அப்புறம் விரிக்கலாம், தளர்ந்த குதிகாலை இறுக்குவது கஷ்டம். போட்டபடியே கால்மணி, இருபது நிமிடம் கடைக்குள் நின்று, நடந்து, சாய்ந்து பாருங்கள். அவசரப்படுத்துகிற கடை என்றால் கூட்டமில்லாத இன்னொரு நாள் போகலாம். போகுமுன் கால் நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், சொந்த சாக்ஸை எடுத்துப் போங்கள், முழங்கால்வரை மேலே சுருட்டிவிடக் கூடிய உடையாகப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் மறுபடி போட்டுப் பார்க்கும்போது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டால் கணைக்கால் எப்படிச் சாய்கிறது என்று நன்றாகத் தெரியும்.

அடுத்து விறைப்பு. ஃப்ளெக்ஸ் என்று பூட்ஸின் பக்கவாட்டில் ஓர் எண் எழுதியிருக்கும், 60-லிருந்து 130 வரை சாதாரணமாகப் பார்க்கலாம். எண் கூடினால் முன்னால் வளைப்பது கடினம். புதிதாகக் கற்கும் பெண்கள் 60-லிருந்து 80 வரை, ஆண்கள் 80-லிருந்து 100 வரை வைத்துக்கொள்ளலாம், எடை அதிகம் உள்ளவர்கள் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இந்த எண்ணுக்குப் பொதுவான தரநிர்ணயம் கிடையாது, ஒரு கம்பெனியின் 100 இன்னொரு கம்பெனியின் 90 மாதிரி இருக்கும். குளிர் ஏற ஏற பிளாஸ்டிக் விறைத்துக்கொள்ளும், சூடான கடைக்குள் வளைந்து கொடுத்த பூட்ஸ் மைனஸ் 10 டிகிரியில் மரக்கட்டை மாதிரி நிற்கும். குல்மார்க் ஊரே சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கேபிள் காரில் இரண்டாம் கட்டமும் ஏறினால் ஏறக்குறைய 4,000 மீட்டர், அங்கே காற்றடிக்கிற நாளில் பூட்ஸ் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். பெருமைக்காக 120 வாங்க வேண்டாம். வளைக்க முடியாத பூட்ஸில் உடம்பு பின்னால் சாயும், பின்னால் சாய்ந்தால் கட்டை நம் பேச்சைக் கேட்காது.

எல்லாம் சரி, ஒரே ஓர் இடத்தில் மட்டும் குத்துகிறது என்றால் அந்த பூட்ஸை ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்கீ ஊர்களில் பூட்ஃபிட்டர் என்றே ஆட்கள் இருக்கிறார்கள், நம்மூர்த் தட்டான் நகையைச் சூடாக்கித் தட்டுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு அவர்கள் வேலை புரியும். கணுக்கால் முட்டி இடிக்கிற இடத்தையும் சுண்டுவிரல் மூட்டு அழுந்துகிற இடத்தையும் சூடேற்றி வெளியே உப்பவைப்பார்கள், உள்ளே கொஞ்சம் சுரண்டி எடுப்பார்கள், லைனரைச் சூடாக்கிக் காலோடு சேர்த்து வார்ப்பார்கள். தட்டைப் பாதம் உள்ளவர்கள் கட்டாயம் அடித்தாங்கி கேட்க வேண்டும், வளைவு தாங்காத பாதம் எடை இறங்கும்போது விரிந்து நீண்டு சரியான பூட்ஸையும் சின்னதாக்கிவிடும். எதையும் விரிக்கத்தான் முடியும், பெரிதாக வாங்கியதைச் சுருக்க முடியாது என்பதால்தான் இரண்டு அளவுக்கு நடுவில் தடுமாறினால் சின்னதை எடுங்கள் என்கிறேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் நாற்பதைத் தாண்டிய பலருக்கும் அது இருக்கிறது. பாதத்தில் மதமதப்பு இருந்தால் அழுத்தமும் புண்ணும் உங்களுக்கே தெரியாமல் போகலாம், போட்டுப் பார்த்து உணர்ந்து வாங்குங்கள் என்று நான் மேலே சொன்ன எதுவும் அப்போது முழுசாக உதவாது. டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம், இறங்கினாலும் மணிக்கொரு தடவை கழற்றிக் காலைக் கண்ணால் பாருங்கள்.

வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நாலு நாள் போகிறவர் வாங்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் புது பூட்ஸ் சுமார் 200 யூரோவில் தொடங்கி 600-ஐத் தாண்டியும் போகிறது, ஒரு ஜோடி 4 கிலோவை ஒட்டி எடை வரும். வருடத்துக்கு ஒரு வாரமாவது போவேன் என்பவருக்குத்தான் வாங்குவது சரி. ஆனால் வாடகை பூட்ஸுக்கும் மேலே சொன்ன சோதனையெல்லாம் அப்படியே பொருந்தும். 2005-லிருந்து நடக்கிற ஸ்கீ துபாயில் பூட்ஸ் டிக்கெட்டோடு சேர்த்தே வரும், வரிசையில் நிற்கும்போதே சென்டிமீட்டர் அளவைச் சொல்லிவிடுங்கள், தந்தது தொளதொளவென்றால் கூச்சப்படாமல் மாற்றிக் கேளுங்கள். குல்மார்கிலும் ஆலியிலும் கூட்டம் வருவதற்கு முன், காலையிலேயே கடைக்குப் போனால்தான் தேர்ந்தெடுக்க ஏதாவது மிச்சமிருக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் நம் கை பழகிய பழக்கம் வேறு. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஷூவை ஒரு நம்பர் கூட்டி வாங்கி, முன்னால் பஞ்சு அடைத்து, அடுத்த வருடமும் ஓட்டிவிடலாம் என்று நினைப்போம். ஸ்கீ பூட்ஸில் அதைச் செய்யாதீர்கள், பிள்ளையால் கட்டையைக் கட்டுப்படுத்த முடியாது, விழும். ஓட்டுக்குள் குதிகாலுக்குப் பின்னால் 2 சென்டிமீட்டருக்கு மேல் இடம் வேண்டாம். வளர்கிற காலுக்குப் பருவம் முழுவதும் வாடகைக்கு எடுப்பதுதான் சிக்கனம்.

பூட்ஸின் அடிப்பாகமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தட்டையான பழைய ஆல்பைன் அடிக்குச் சர்வதேசத் தர எண் ஐஎஸ்ஓ 5355, நடக்கச் சுகமான ரப்பர் வளைவு வைத்த கிரிப்வாக் ஐஎஸ்ஓ 23223, மலையேறிச் சறுக்குகிற டூரிங் பூட்ஸ் ஐஎஸ்ஓ 9523. பைண்டிங் எந்த அடிக்கு ஒத்துப்போகும் என்று அதன் மேலேயே இருக்கும், பொருந்தாததைப் போட்டால் விழும்போது கழன்று விட வேண்டிய பூட்ஸ் கழலாமல் போகலாம், முழங்கால் மூட்டு திருகிவிடலாம். இதில் மட்டும் ‘பரவாயில்லை, பார்த்துக்கலாம்’ வேண்டாம்.

பழைய பூட்ஸ் இரவலாகவோ இனாமாகவோ வந்தால் எச்சரிக்கையாக இருங்கள், நம் ஊருக்கு இது ரொம்பப் பொருந்தும். பாலியூரிதேன் பிளாஸ்டிக் ஈரக்காற்றில் வருடக்கணக்கில் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்து, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே பொடிந்து போகும், சறுக்கிக்கொண்டிருக்கும்போது உடைந்தால் விபத்துதான். நமக்கோ ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு, கடல்காற்று எப்போதும் உண்டு. பத்து வருடம் தாண்டிய ஜோடியை நான் காலில் போட மாட்டேன். சொந்த பூட்ஸை ஊருக்குக் கொண்டுவந்தால் லைனரையும் அடிமெத்தையையும் வெளியே எடுத்து நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர்த்துங்கள். என் அப்பா நல்லெண்ணத்தில் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகையறையில் தொங்கவிடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன், அந்தச் சூட்டில் காலுக்கு வார்த்த லைனர் உருமாறிவிடும். வெயிலும் வேண்டாம். உலர்ந்த பிறகு லைனரை உள்ளே விட்டு, பக்கிள்களை லேசாக மாட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஓடு வாயைப் பிளந்துகொண்டு அப்படியே நின்றுவிடும். மட்கிப்போகிற அலமாரி அடித்தட்டில் வைக்காமல் காற்றோட்டமான மேல்தட்டில்.

வாங்கியதும் பாருங்கள், குதிகால் பக்கத்தில் 305 என்பதுபோல மூன்று இலக்கத்தில் ஓர் எண் இருக்கும், அடியின் மொத்த நீளம் மில்லிமீட்டரில். உங்கள் எடை, உயரம், வயது, சறுக்கும் திறன் இவற்றோடு இந்த எண்ணையும் சேர்த்துத்தான் பைண்டிங் எந்த அழுத்தத்தில் கழல வேண்டும் என்று வாடகைக் கடையில் கணக்குப் போடுவார்கள். அதை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே வீட்டுத் தரையில் அளந்த அந்தத் தாளின் போட்டோவும் இருக்கட்டும். பூட்ஸை விமானத்தில் பெட்டிக்குள் போட்டு அனுப்பாமல், அதற்கு அனுமதிக்கிற விமானமாக இருந்தால் கையிலேயே கொண்டுபோங்கள். ஜாக்கெட் தொலைந்தால் அங்கே ஒன்று வாங்கிக்கொள்ளலாம், காலுக்கு வார்த்த பூட்ஸ் தொலைந்தால் மறுபடி 28-ஐ எடுத்து நீட்டுகிற வாடகைக் கடை வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.